எட்டாம் இலக்க ஊசி

லுணுகலையைச் சார்ந்த தேயிலைத் தோட்டமொன்றின் பழைய லயத்திலே, கடைசிக் காம்பராவில், 2023ஆம் ஆண்டு மார்கழி இரவொன்றிற் பின்னலூசியொன்று முறிந்தது. உலகம் கவனிக்கத்தக்க நிகழ்ச்சியன்று அது. எனினும், முறிந்த ஓசை தடுப்புச் சுவரைக் கடந்து அடுத்த காம்பராவுக்கும் கேட்டது. அங்கே படுத்திருந்த பெரியம்மா, “என்னா புள்ள, இந்நேரத்துல வெறகு ஒடைக்கிற?” என்று குரல் கொடுத்தாள். விடை வரவில்லை. ஊசிக்குரியவள், முறிந்த பகுதியிலிருந்து கழன்ற கண்ணிகள் கீழ்நோக்கி ஓடிவிடாதபடி அவற்றை விரல்களால் அள்ளிப் பிடித்துக்கொண்டு மூச்சையும் அடக்கியிருந்தாள்.

பகலில் அவள் கொழுந்து பறிப்பவள்; இரவிற் பின்னுபவள். பசறையிலிருந்து பிபிலைக்குச் செல்லும் பாதையில், மலைகளுக்கு நடுவே அமைந்த சிறு பட்டினம் லுணுகலை. அப்பகுதிக்கு வடகீழ்ப் பருவக்காற்றே பெருமழையைக் கொண்டு வருகிறது. ஐப்பசி பிறந்தால் மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும். தை வரையில் லயத்துச் சுவர்கள் ஈரம் காய்வதில்லை. அவளுடைய ஒரே மகள் இன்னும் குளிர் மிகுந்த மடுல்சீமைப் பக்கத்திலே வாழ்க்கைப்பட்டிருந்தாள். பேத்திக்கு அப்போது ஐந்து மாதம். கடைகளில் ஆயத்தச் சுவெற்றர் கிடைக்காமலில்லை. ஆயினும் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக இருந்த அக்காலத்தில், வாங்குவதிலும் பின்னுவதே மலிவு என்று அவள் கணக்கிட்டாள். அக்கணக்கில் ஊசிகளின் விலை சேர்க்கப்படவில்லை.

ஊசி ஏன் முறிந்தது? பிளாஸ்ரிக்கின் தரக்குறைவே காரணம் என்று அவள் நம்பினாள். அது முழு உண்மையன்று. பின்னல் என்பது நூலைக் கண்ணி கண்ணியாக ஒன்றனுள் ஒன்று கோத்துச் செல்வது. இடது ஊசியில் நிற்கும் கண்ணியினுள்ளே வலது ஊசியின் முனை நுழைய வேண்டும். நூலைச் சுற்றிக்கொண்டு வெளிவர வேண்டும். கண்ணி தளர்வாக இருக்குமாயின் முனை தானாகவே நுழையும். இறுகியிருக்குமாயின், நுழைக்கவும் பலம் வேண்டும். கண்ணிகளை ஊசியின்மேல் நகர்த்தவும் பலம் வேண்டும். ஒரு வரியில் 55 கண்ணிகள் இருந்தால் அப்போராட்டம் 55 தடவை நிகழ்கிறது. நெம்புகோலாகப் பயன்படும்படி ஊசி செய்யப்படவில்லை. இறுக்கிப் பின்னுபவரோ அதை நெம்புகோலாக்கி விடுகிறார். பிளாஸ்ரிக் ஊசி உள்ளங்கைச் சூட்டில் முதலில் வளைந்து, பின்னர் ஒருநாள் முறிகிறது. மூங்கிலூசியின் முனை பிளவுபட்டு நூலைப் பிய்க்கிறது. அலுமினிய ஊசி வளைந்த வளைவிலேயே நின்றுவிடுகிறது. மேற்பூச்சுத் தேய்ந்தபின் வெண்ணிற நூலிற் சாம்பற் கறையையும் பூசுகிறது. உருக்கூசி மட்டும் எளிதில் வளையாது. அது வளையாதபோது அந்தப் பாரம் விரலுக்கு வந்து சேர்கிறது.

ஊசிக்கு நேரும் கதி இதுவாயின், துணிக்கு நேர்வது வேறொன்று. அவளிடமிருந்த பழைய அப்பியாசக் கொப்பியில், என்றோ எழுதி வைத்த அளவுக் குறிப்பு ஒன்று இருந்தது. ஆறு மாதக் குழந்தைக்கு முன்பக்கம் 55 கண்ணி, பின்பக்கம் 55 கண்ணி. எட்டாம் இலக்க ஊசி. 10 சென்ரிமீற்றருக்கு 22 கண்ணி. கடைசியாகக் குறிப்பிட்ட எண்ணை அவள் ஒருபோதும் பொருட்படுத்தியதில்லை. பின்னற் கலையின் நுட்பம் முழுவதும் அவ்வெண்ணிலே அடங்கியிருக்கிறது என்றால் மிகையாகாது. 10 சென்ரிமீற்றருக்கு 22 கண்ணி வீதம் பின்னினால் 55 கண்ணிகள் 25 சென்ரிமீற்றர் அகலம் தரும். இரு பக்கமும் சேர்ந்தால் 50. அவளுடைய இறுகிய கையில் அதே 10 சென்ரிமீற்றருக்குள் 26 கண்ணிகள் அடங்கின. எனவே ஒரு பக்கம் 21 சென்ரிமீற்றராகக் குறுகியது; சுற்றளவு 42 ஆயிற்று. ஆறு மாதக் குழந்தையின் மார்புச் சுற்றளவே ஏறக்குறைய 43 சென்ரிமீற்றர். கண்ணி ஒன்றுகூடக் குறையாமல், குறிப்பில் எழுதியபடியே பின்னிய சுவெற்றர், குழந்தைக்குப் போட முடியாததாகிவிடும். பிழை எங்கே என்று கண்ணிகளை எத்தனை தடவை எண்ணினாலும் தெரியப் போவதில்லை.

மறுநாள் மகளிடம் தொலைபேசியிற் பேசியபோது ஊசி முறிந்த செய்தியைச் சொன்னாள். மகள் சிரித்தாள். “ஒங்க கை இறுக்கம்மா. இனிப் பெரிய ஊசியா வாங்குங்க” என்றாள். நல்ல ஆலோசனைதான். இறுக்கிப் பின்னுவோர் தடித்த ஊசியை எடுக்க வேண்டும் என்பது இக்கலையில் எங்கும் சொல்லப்படும் முதற் பரிகாரம். ஞாயிற்றுக்கிழமை பட்டினத்துக்குச் சென்றவள், கடைக்காரரிடம், “எட்டுக்கு மேல பெரிய நம்பர் ஊசி குடுங்க தம்பி” என்றாள். அவர் பதினோராம் இலக்க அலுமினிய ஊசிச் சோடியொன்றை எடுத்துக் கொடுத்தார். கையில் வாங்கியபோது அது மெலிந்திருப்பதாகவே பட்டது. உலோகமாதலால் மெலிந்திருக்கிறது போலும் என்று தனக்குத் தானே சமாதானம் செய்துகொண்டாள்.

கடைக்காரர்மேற் குற்றமில்லை, அவள் கேட்டதையே கொடுத்தார். குற்றம் இங்கிலாந்தின் பழைய கம்பிப் பட்டறைகளைச் சாரும். கம்பியைச் சிறு துளைகளினூடாக இழுத்து இழுத்து மெல்லியதாக்குவது அங்கு நிலவிய தொழில்முறை. ஒவ்வோர் இழுப்புக்கும் முன்னையதிலும் சிறிய துளை. இழுப்பு மிகுந்தால் இலக்கம் உயரும், கம்பி மெலியும். பின்னலூசிகள் கம்பியிலிருந்தே செய்யப்பட்டமையால் அவ்விலக்க முறையே ஊசிக்கும் வந்தது. ஆகவே பிரித்தானிய வழக்கில் எட்டாம் இலக்கம் 4 மில்லிமீற்றர். பதினோராம் இலக்கம் 3 மில்லிமீற்றர். பதினான்காம் இலக்கம் 2 மில்லிமீற்றர். அமெரிக்க வழக்கோ இதற்கு நேர்மாறானது. அங்கே இலக்கம் பெருகப் பெருக ஊசி தடிக்கும். ஆட்சி போய் முக்கால் நூற்றாண்டு கழிந்தும் அவ்வாட்சியின் கம்பிக் கணக்கு லுணுகலைக் கடையொன்றின் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. பெரிய எண் பெரிய பொருளைக் குறிக்கும் என்று எண்ணிய ஒரு பெண்ணின் பகுத்தறிவை அது ஏமாற்றிவிட்டது.

பதினோராம் இலக்க ஊசி மூன்று இரவுகளில் வில்லாக வளைந்தது. ஒரே உலோகத்தாலான கோல்களில், வளையாது நிற்கும் வலிமை விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பர் பௌதிகம் பயின்றோர். அதன்படி 3 மில்லிமீற்றர் ஊசிக்கு 4 மில்லிமீற்றர் ஊசியின் வலிமையில் மூன்றிலொரு பங்கும் இல்லை. அன்றியும், மெல்லிய ஊசியிற் பிறக்கும் கண்ணி இன்னும் சிறியது. பின்பக்கத் துண்டு 18 சென்ரிமீற்றரளவிலே சுருங்கி, பலகைபோல் விறைத்து நின்றது. இறுகிய கண்ணியிலிருந்து முனையை வெளியே தள்ள அவள் வலக்கைச் சுட்டுவிரலைப் பயன்படுத்தினாள். தள்ளித் தள்ளி விரல் நுனியில் ஊசிமுனை அளவில் ஒரு குழி விழுந்தது. தேயிலைச் சாறு ஊறிக் கறுத்த வெடிப்புகள் ஏற்கெனவே உள்ள விரல் அது.

அவ்விரலே மறுநாட் காலை மலைக்குச் செல்ல வேண்டியது. கொழுந்து பறிக்கும் கையில் சுட்டுவிரலும் பெருவிரலுமே முதன்மையானவை. இரண்டு இலையும் ஓர் அரும்புமான தளிரை அவ்விரண்டின் இடையிலே வைத்து ஒடிப்பதை ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை செய்தாக வேண்டும். நுனி நோகும் விரல் ஒவ்வொரு தளிரிலும் ஒரு நொடி தயங்கும். நொடிகள் சேர்ந்து கிலோவாகும். நிர்ணயித்த நிறை தராசில் வராத நாளிற் கிடைப்பது அரைப்பேர். அதாவது அரைநாட் சம்பளம். அந்த வாரத்தில் இரு நாட்கள் அவளுக்கு அரைப்பேர் விழுந்தது. கடைச் சுவெற்றரிலும் மலிவு என்று தொடங்கிய பின்னல், இரண்டு சோடி ஊசியையும் ஒரு முழுநாட் சம்பளத்தையும் விழுங்கிய பின்னரும் அரைகுறையாகவே கிடந்தது.

அவள் கை பிறவியிலேயே இறுக்கமானதன்று. அதற்குச் சான்று காம்பராவிலேயே இருந்தது. சிறுமியாக இருந்த காலத்தில் அவள் பின்னிய தொப்பியொன்று தகரப் பெட்டியின் அடியிற் கிடந்தது. அக்காலத்தில் ஊசி வாங்கப் பணமேது? பழைய சைக்கிளின் ஆரைக்கம்பி இரண்டை எடுத்து, முனைகளைக் கருங்கல்லிலே தேய்த்து மழுக்கி, அவற்றாற் பின்னிய தொப்பி அது. சைக்கிள் ஆரை பொதுவாக 2 மில்லிமீற்றர். அதாவது பதினான்காம் இலக்க ஊசிக்கு ஒப்பானது. அவ்வளவு மெல்லிய கம்பியிற் பின்னியும் அத்தொப்பி மிருதுவாக இருந்தது. இரு கையாலும் இழுத்தால் விரிந்து, விட்டால் மீண்டது. கண்ணிகள் ஒழுங்காகவும் இளக்கமாகவும் அமைந்திருந்தன. அவ்வாறாயின் இந்த இறுக்கம் எப்போது வந்தது?

2022ஆம் ஆண்டு வந்தது என்று காலத்தைத் திட்டமாகச் சொல்ல முடியும். பொருளாதார நெருக்கடியின் அவ்வாண்டில் அரிசியும் மாவும் விலையேற, அவள் அயல் லயங்களுக்குக் குழந்தைச் சட்டையும் தொப்பியும் பின்னிக் கொடுத்துச் சில்லறை தேடினாள். நூலைக் கடைக்காரரிடம் கடனாகப் பெற்றாள். பங்குனி மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மண்ணெண்ணெய் விளக்கும் நெடுநேரம் எரிக்க இயலாத நிலை; ஆவணியிலே ஒரு லீற்றரின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதை மலைநாட்டில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய இருட்டு இரவொன்றிற் கண்ணியொன்று நழுவியது. அவள் காணவில்லை. நழுவிய கண்ணி தனக்குக் கீழுள்ளதை அவிழ்க்க, அது தனக்குக் கீழுள்ளதை அவிழ்க்க, முன்பக்கத்தில் ஏணிபோல் ஒரு கோடு கழுத்திலிருந்து இடுப்பு வரை இறங்கியிருந்ததை விடிந்த பிறகே கண்டாள். சட்டைக்குச் சொன்னவர்கள் அதை ஏற்கவில்லை. நூற்கடன் நின்றது. அன்று முதல் ஒவ்வொரு கண்ணியையும் பின்னியவுடன் நூலை ஒரு தடவை சுண்டி இழுக்கும் வழக்கம் அவள் கையில் ஏறிக்கொண்டது. தான் அவ்வாறு செய்கிறாள் என்பதை அவள் அறியவே இல்லை.

தோட்டத்துப் பெண்ணுக்கும் கம்பளிக்கும் கடனுக்கும் உள்ள உறவு பழையது. தமிழகத்திலிருந்து கண்டிச் சீமைக்கு அழைத்து வரப்பட்ட தொழிலாளிக்கு வழிச்செலவு, அரிசி ஆகியவற்றுடன் கம்பளியும் முன்பணக் கணக்கிலே எழுதப்பட்டது. மழையிலும் பனியிலும் தலையிலிருந்து முதுகு வரை போர்த்திக் கொள்ளும் அக்கறுப்புக் கம்பளி, போர்வையாக மட்டுமன்றிப் பற்றாகவும் தோளில் ஏறியது. பற்றுத் தொகையைக் குறித்த துண்டுச் சீட்டு இன்றி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது என்ற துண்டு முறை 1921இலேயே சட்டத்தால் நீக்கப்பட்டது. அந்தக் கம்பளி நெய்யப்பட்டது, பின்னப்பட்டதன்று. நெய்த துணியில் நூல்கள் நேராக ஓடுகின்றன, அது விரிவதில்லை. பின்னிய துணியிலோ ஒரு கண்ணி இழுபட்டால் அயற் கண்ணிகள் தம் நூலிற் சிறிதை அதற்கு விட்டுக்கொடுக்கின்றன. அதனாலேயே சுவெற்றர் உடலோடு விரிந்து சுருங்குகிறது. இறுக்கிப் பின்னினால் விட்டுக்கொடுக்க நூல் மிச்சமிராது; பின்னல் நெசவின் குணத்தை அடைந்துவிடும்.

இத்தகைய வாழ்க்கை மலைநாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஸ்கொட்லாந்துக்கு வடக்கே கடலிற் கிடக்கும் ஷெற்லாந்துத் தீவுகளின் பெண்கள் பின்னலுக்குப் பெயர் பெற்றவர்கள். எரிபொருளாகப் பயன்படும் கரிமண் கட்டிகளைக் கூடையிலிட்டு முதுகிலே சுமந்து, நடந்தபடியே பின்னிச் சென்ற அப்பெண்களின் பழைய நிழற்படங்களைக் காண்போர், கூடை சுமந்து மலையேறும் நம் பெண்களை நினையாதிருக்க முடியாது. பின்னிய பொருளுக்கு வணிகர்கள் பணம் கொடாமற் சரக்குக் கொடுத்துக் கழித்தனர். இம்முறையைப் பற்றி 1872இல் பிரித்தானிய அரசு விசாரணை நடத்தியபோது, கூலியாகக் கொடுக்கப்பட்ட சரக்குகளில் துணியோடு தேயிலையும் இருந்தமை வெளிவந்தது. தேயிலையைக் கொண்டுபோய் மாவுக்கு மாற்றி உண்டார்கள். அது இலங்கைத் தேயிலையாக இருந்திருக்க முடியாது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலை பயிரிடத் தொடங்கி அப்போது ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. பின்னலுக்குத் தேயிலை கூலியான தீவும், தேயிலைக் கூலி போதாமற் பின்னும் தீவும் உலகில் ஒருங்கே இருக்கின்றன.

ஷெற்லாந்துப் பெண்களைப் பற்றி ஈண்டு சொல்ல நேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அவர்கள் இடுப்பிலே துளைகள் இட்ட தோற்பட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு, வலது ஊசியின் அடியை அதிற் குத்தி நிறுத்தினார்கள். ஊசியைத் தாங்கும் வேலை இடுப்புக்குப் போயிற்று. விரல்கள் நூலை மட்டும் கவனித்தன. போர்த்துக்கலிலும், பெரு நாட்டின் மலைப்பகுதிகளிலும் நூலைக் கழுத்தைச் சுற்றி வரவிட்டுப் பின்னுகிறார்கள். நூலின் இழுவையைக் கழுத்துத் தாங்குகிறது. இவை யாவும் பாரத்தை விரலிலிருந்து வேறிடத்துக்கு மாற்றும் உபாயங்கள். கொழுந்துக் கூடையின் கயிற்றை உச்சந்தலையில் மாட்டிக்கொண்டு இரு கைகளையும் பறிப்பதற்கு விட்டுவைக்கும் தோட்டத்துப் பெண்ணுக்கு இவ்வுபாயம் புதியதன்று. மலையில் அறிந்ததைக் காம்பராவுக்குள் அவள் கொண்டுவரவில்லை, அவ்வளவுதான்.

அதைக் கொண்டுவந்து சேர்த்தவள் பெரியம்மா. பேர் பதிந்து நாற்பது வருடம் கொழுந்தெடுத்து ஓய்ந்தவள், பின்னத் தெரியாதவள். மழையால் வேலை நிறுத்தப்பட்ட ஒரு பிற்பகலில், வளைந்த ஊசியோடு மல்லாடுபவளைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பு கேட்டாள்: “ஏம் புள்ள, கொழுந்த ஒடிச்சு உள்ளங்கையில சேப்ப இல்ல, அத எப்புடி வச்சிருப்ப?”

“எப்புடின்னா? சும்மாதான் பெரியம்மா வச்சிருப்பேன்.”

“கசக்கிப் புடிப்பியா?”

“கசக்குனா செவந்து போயிருமே. மடுவத்துல கழிச்சுப் போடுவாங்க.”

“பின்ன நூல மட்டும் ஏன் இந்தக் கசக்கு கசக்குற? அது என்னா, ஒன்னய விட்டுட்டு ஓடிறப் போவுதா?”

பறித்த கொழுந்து கையில் நசுங்கினால் இலையின் சாறு காற்றுப்பட்டுச் சிவக்கத் தொடங்கிவிடும். தொழிற்சாலையில் உரிய நேரத்தில் நடக்க வேண்டிய மாற்றம் கைக்குள்ளேயே நடந்து தரம் கெடும். ஆகவே, விரல் நுனி விரைந்து ஒடித்தாலும், உள்ளங்கை பறவைக் குஞ்சைப் பிடித்ததுபோல் இளகியிருக்க வேண்டும் என்பது தோட்டத்துச் சிறுமி முதலிற் கற்கும் பாடம். விரைவும் இளக்கமும் ஒரே கையில் ஒருங்கே இருக்கலாம் என்பதை அவள் முப்பது ஆண்டுகளாக நாள்தோறும் நிரூபித்து வந்திருக்கிறாள். அதை அன்றுதான் அவளுக்கு ஒருவர் எடுத்துச் சொன்னார். பாடசாலைக் காலத்தில் மனையியல் ஆசிரியையொருவர், “கையைத் தளர்த்து, தளர்த்து” என்று அதட்டியது அவளுக்கு நினைவிருந்தது. தளர்த்து என்றால் எப்படித் தளர்த்துவது என்று அவ்வாசிரியை சொல்லவில்லை. அதட்டிய அதட்டலிற் கை மேலும் இறுகியிருந்தாலும் வியப்பில்லை.

பெரியம்மாவின் கண்ணில் இன்னொன்றும் பட்டது. அவள் பின்னுவதெல்லாம் ஊசியின் கூர்முனையிலேயே நடந்தது. தளிரை நுனிவிரலால் ஒடிக்கும் பழக்கமோ என்னவோ, முனையிலே நூலைச் சுற்றி முனையிலேயே கண்ணியை முடித்துவிடுவாள். நான்கு மில்லிமீற்றர் ஊசியின் சுற்றளவு ஏறக்குறைய 12.6 மில்லிமீற்றர். சரிந்து மெலியும் முனையில் விட்டம் 2 மில்லிமீற்றராக உள்ள இடத்திற் சுற்றளவு 6.3 மட்டுமே. அங்கே பிறந்த கண்ணி தடித்த தண்டுக்கு ஏறும்போது, சிறு பிள்ளையின் வளையலைப் பெரியவர் கையில் ஏற்றுவதுபோல் ஆகிறது. எட்டாம் இலக்க ஊசியை விலைகொடுத்து வாங்கிப் பதினான்காம் இலக்க ஊசியாக அவள் பயன்படுத்தி வந்திருக்கிறாள். “நுனியில ஏன் நிக்கிற, உள்ளார போ” என்றாள் பெரியம்மா. இதற்கு மேலான விளக்கம் எந்தப் பின்னல் நூலிலும் இருக்குமா என்பது ஐயமே.

அவள் இரு துண்டுகளையும் பிரித்தாள். சுருண்ட நூலைக் கதிரைக் கால்களிற் சுற்றி நனைத்து உலர்த்தினாள். மீண்டும் பட்டினத்துக்குச் சென்றபோது இலக்கத்தைச் சொல்லாமல், “இதவிட மொத்தமா” என்று முறிந்த எட்டாம் இலக்கத் துண்டைக் காட்டினாள். ஏழாம் இலக்கச் சோடியொன்று கிடைத்தது, 4.5 மில்லிமீற்றர். வழுக்குவதற்காக ஊசியைத் தலைமயிரில் உரசச் சொன்னதும் பெரியம்மாதான். அந்த ஆலோசனை மட்டும் பிழைத்தது. தேங்காயெண்ணெய் நூலில் மஞ்சளாக இறங்க, ஒரு சிறு பகுதியைச் சவர்க்காரமிட்டுக் கழுவ நேர்ந்தது. அதன்பின் மெழுகுதிரித் துண்டொன்றைத் தேய்த்துத் துணியால் துடைத்தாள்; அது நன்றாக வேலை செய்தது.

முதன்முறையாக மாதிரித் துண்டொன்றைப் பின்னிப் பாடசாலை அடிமட்டத்தால் அளந்தாள். 10 சென்ரிமீற்றருக்கு 23 கண்ணி. மறுநாள் 22. அதற்கு மறுநாள், மடுவத்தில் நிறைபற்றி நடந்த வாக்குவாதம் ஒன்றின்பின், மீண்டும் 25. கை தளர்ந்தது என்று ஒரு நாளில் முடிவு கட்டிவிட முடியாது போலும். இங்கிலாந்திற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் சிமர்மன் என்னும் பின்னற்கலை ஆசிரியை, 1971இல் வெளியிட்ட கண்ணீரின்றிப் பின்னும் முறைபற்றிய தம் நூலில், இளக்கமாகப் பின்னுவதையே விரும்பினார். இறுக்கிப் பின்னுவோர் பலர் தம்மைத் திறமையற்றோர் என்று எண்ணி வருந்துவதுண்டு. அது வீண் வருத்தம். குறிப்புக்கு ஏற்பக் கையை வதைப்பதிலும், கைக்கு ஏற்ப ஊசியை மாற்றுவது நேரியது. காற்சட்டை இறுக்கமாக இருந்தால் இடுப்பைக் குறைகூறாது அளவை மாற்றுவது போன்றதே இதுவும். கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போன அயல் லயத்துப் பெண்ணொருத்தி விடுமுறையில் வந்தபோது இக்கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னதும் இத்தன்மையதே. பின்னல் இயந்திரத்தில் நூல் மிக இறுகினால் ஊசிகளின் கொக்கிகள் முறியும். உடனே பொறியாளர் வந்து இயந்திரத்தின் இறுக்கத்தைத் தளர்த்திவிட்டுப் போவாராம். “அங்க ஊசி ஒடஞ்சா மெஷினத்தான் பாப்பாங்க, அக்கா” என்றாள் அவள்.

தை மாதத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் முடிந்தன. விரற்குழி தூர்ந்துவிட்டது, அரைப்பேர் விழுவதும் நின்றது. வலக்கைப் பகுதியைத் தொடங்கிய வாரத்திலே மடுல்சீமையிலிருந்து அழைப்பு வந்தது. குழந்தைக்கு நெஞ்சிற் சளி கட்டி வைத்தியசாலையிற் சேர்த்திருந்தார்கள். நான்கு நாட்கள் அவளாற் போக முடியவில்லை. பாதையில் மண் சரிந்திருந்தது. அந்த நான்கு இரவுகளும் அவள் உறங்காமற் பின்னினாள். ஊசியின் உட்பக்கத்திற் பின்ன வேண்டும் என்பதும், நூலைக் கொழுந்துபோற் பிடிக்க வேண்டும் என்பதும் அவ்விரவுகளில் நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. ஏழாம் இலக்க ஊசியும் மெல்ல வளைந்தது. ஐந்தாம் நாள் மகளின் குரலைக் கேட்டபின் எஞ்சிய பகுதியைப் பின்னி முடித்தாள். இடக்கைப் பகுதியை அதன்பின்னரே தொடங்கினாள்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, கண்ணி எண்ணிக்கையும் வரி எண்ணிக்கையும் சரியாக இருந்தும், வலக்கை இரண்டு விரல் கட்டை. விளக்குக்கு எதிரே பிடித்தால் அந்த நான்கு இரவுகளும் ஒரு பட்டைபோல் அடர்ந்து தெரிந்தன. பிரித்துவிடலாமே என்றாள் பெரியம்மா. அவள் சற்று யோசித்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஊசியில் நூலைக் கோத்தாள்.

மாசி மாதத்தில் மடுல்சீமைக்குப் போய்ப் பேத்திக்கு அதை அணிவித்தாள். மார்பில் இரண்டு விரல் நுழையும் இடம் இருந்தது. நீளமான இடக்கையின் ஓரம் மட்டும் உள்ளே மடித்துத் தைக்கப்பட்டிருந்தது.